பைக்கு ஒரு மல்லாரி

ஆடுதுறை,
மாசி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கலியா,

உன் தீபாவளிக் கடிதத்துக்கு மாசியில் பதில். நாலு வார்த்தை திட்டிக்கொள், வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. பெரியவளுக்கு மயிலாடுதுறையில் வேலை. சம்பா அறுத்தாயிற்று, உளுந்து பூத்து நிற்கிறது. மற்றது நேரில்.

மெட்டு முடிந்துவிட்டதடா! அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பட்டாளத்தில் 22 வருஷம் பேக்பைப் ஊதினேன், அத்தனையும் ஊரான் மெட்டு. நம் சாமி புறப்பாட்டுக்கு நாயனத்தில் ஊதுகிற மல்லாரி மாதிரி இதில் ஒன்று ஊதணும் என்பதுதான் வந்த நாள் முதல் ஆசை. கம்பீர நாட்டை ராகத்தை எடுத்தேன், முதல் நாளே முட்டிக்கொண்டது. அதற்குக் காகலி நிஷாதம், மேல் ஷட்ஜத்தை ஒட்டின ‘நி’, வேண்டும். இந்தக் குழலில் மொத்தமே 9 ஸ்வரம், கீழ் நிஷாதத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரை. அப்படியே ஹரிகாம்போதி ராகத்தின் வரிசை, நிஷாதம் ஒரு படி தாழ்ந்த கைசிகி.

அதைவிடப் பெரிய சங்கடம் மூச்சு. நாயனத்தில் சீவாளி வாயில் இருக்கிறது, நாக்கால் ‘து து’ என்று துத்துகாரம் போட்டு நாதத்தை வெட்டலாம். இதில் சீவாளிக்குப் பதிலான ரீடு குழலுக்குள் ஒளிந்திருக்கிறது. வாய் பையை நிரப்பும், கை அமுக்கும், நாதம் நிற்கவே நிற்காது. ‘பா பா’ என்று இரண்டு தரம் கேட்கணும் என்றால் நடுவே வேறொரு விரலை வெடுக்கென்று தூக்கி வைக்கணும். நாயனத்துக்குக் கட்டினதை இதில் ஊதினால் குழைந்த சோறுதான்.

அதனால் பைக்கென்றே புதிதாகக் கட்டினேன், மத்தியமாவதி ராகத்தில். கீழ் நிஷாதத்தில் எடுத்து ‘நி ஸ ரி’ என்று ஏறிப் பஞ்சமத்தில் உட்காருகிறது. மூன்று ட்ரோன் குழலும் விடாமல் பிடிப்பது ஷட்ஜம், நம் நாயனத்துக்கு ஒத்து ஊதுகிற மாதிரி. பஞ்சமத்தில் நின்றால் அதோடு கலந்து அக்குளில் பை அதிர்கிறது பார், விலா எலும்பெல்லாம் பாடுகிறது!

மேலத்தெரு நாயனக்காரத் தாத்தாவுக்குப் படித்துறையில் ஊதிக் காட்டினேன். “நிஷாதம் அசையலையே தம்பி, கட்டையா நிக்குதே” என்றார். ராத்திரி சோறு இறங்கவில்லை. நாயனத்தில் வருகிற அந்தக் குழைவு இதில் வராது. மூன்று வாரம் உட்கார்ந்து, நிஷாதத்தில் நின்ற இடங்களையெல்லாம் கலைத்தேன். இப்போது அது தொட்டுவிட்டுப் போகிற ஸ்வரம் மட்டும். நேற்று மறுபடி கேட்டார். “இன்னொரு தரம் ஊது” என்றார். இருட்டும் வரை ஊதினேன்.

கம்பீர நாட்டையையும் விடுவதாக இல்லை. காகலி நிஷாதத்தோடு ஆச்சா மரத்தில் ஒரு குழல் கடைய முடியுமா என்று நரசிங்கம்பேட்டையில் நாயனம் செய்கிறவரிடம் அளவு கொடுத்திருக்கிறேன்.

இனி உன் வேலை. ஆதி தாளம், மூன்று காலம். மெட்டில் மூச்சுவிட இடமே கிடையாது. நாக்கால் நான் வெட்ட முடியாததையெல்லாம் உன் தவில்தான் வெட்டணும். பங்குனி உத்திரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு வந்துவிடு. தவிலுக்கு மாட்டுகிற விரல் கூட்டை மறந்துவிட்டு வராதே, வலங்கைமான் கல்யாணம் ஒன்று போதும்.

உன்,
சேகர்