ரன் அவுட்டுக்கு ஏன் இந்தப் பஞ்சாயத்து?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாம்பரம் பக்கத்தில் ஒரு மைதானத்தில் ஞாயிறு மதியம் எங்கள் கிளப் ஆடிய 30 ஓவர் மேட்சைப் பற்றி திங்கட்கிழமை இதழில் ஆறு வரி போட்டிருந்தீர்கள். அதற்கே நன்றி சொல்ல வேண்டிய நிலைமை, சொல்லிவிட்டேன். ஆனால் கடைசி வரியில் 'விளையாட்டுப் பண்பைக் காற்றில் பறக்கவிட்டு வென்றனர்' என்று எழுதிய புண்ணியவான் ஆட்டம் முடியும்வரை மைதானத்தில் இருந்தாரா? நான் ஸ்கோர் நோட்டோடு வேப்பமரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தேன். டிரிங்ஸ் பிரேக்குக்கு அப்புறம் அவரைக் காணவில்லை.

நடந்தது இதுதான். கடைசி ஓவர், எதிரணிக்கு 7 ரன் தேவை, கையில் ஒரே விக்கெட். பவுலர் பக்கம் நின்ற பேட்ஸ்மேன், பந்து கையை விட்டுப் போகும் முன்பே கிளம்பிவிடுகிறார். சுண்ணாம்புக் கோட்டுக்கும் அவர் காலுக்கும் நடுவில் இரண்டு ஷூ வைக்கலாம். பந்து போட வந்த எங்கள் பையன் ஒருமுறை ஓடிவந்து நின்று, "அண்ணா, கிரீஸுக்குள்ள நில்லுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். அதைச் சொல்லவேண்டும் என்றுகூட விதியில் கிடையாது. அடுத்த பந்துக்கும் அதே ஓட்டம், ஸ்டம்ப் மேலிருந்த பெயிலைத் தட்டிவிட்டான். அம்பயராக நின்றவர் எதிரணி ஆள், அவரே கையைத் தூக்கிவிட்டார். உங்கள் நிருபருக்குத்தான் மனசு கேட்கவில்லை.

உங்களுக்குத் தெரியாததில்லை, 2022 அக்டோபரிலேயே, கிரிக்கெட் விதிகளை எழுதும் எம்.சி.சி. இந்த அவுட்டை 'நியாயமற்ற ஆட்டம்' என்ற 41-ஆம் விதியிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட்டுக்கான 38-ஆம் விதியில் சேர்த்துவிட்டது. 1947-இல் சிட்னியில் இந்தியாவின் வினு மன்கட் ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை இப்படி அவுட்டாக்கியபோது, எதிரணி கேப்டன் பிராட்மேனே மன்கட் பக்கம்தான் நின்றார். 2019-இல் ஜெய்ப்பூரில் இங்கிலாந்து வீரர் பட்லரை அவுட்டாக்கிய நம்ம மேற்கு மாம்பலம் அஸ்வினை ஊரே திட்டியது. ஓடிப்போய் ரன்னைத் திருடுகிறவர் உத்தமர், பிடித்துக் கொடுக்கிறவன் அயோக்கியனா சார்?

இவ்வளவு பண்பு பேசும் பத்திரிகை முன்பு லீக் ஸ்கோர்களைப் பொடி எழுத்திலாவது தினமும் போடும். பேர் வந்த அன்று பையன்கள் அதை வெட்டி கிட் பேக்கில் வைத்துக்கொள்வார்கள். இப்போது அந்த இடத்தில் ஐ.பி.எல். வீரர் தலைமுடிக்கு என்ன கலர் அடித்தார் என்று கால் பக்கம். நடராஜனும் வருண் சக்கரவர்த்தியும் சென்னை லீக்கில் நான்காம் டிவிஷன் ஆடி வந்தவர்கள்தானே? அவர்கள் பெரிய ஆளான பிறகு 'எளிய தொடக்கம்' என்று உருகத் தெரிகிறது, அந்தத் தொடக்கம் நடக்கும்போது ஓர் ஆளை அனுப்பத் தெரியவில்லை. போன வருஷம் ஃபைனலுக்கு நேரில் வந்து அழைப்பிதழ் வைத்துவிட்டுப் போனேன். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வாடகை கட்டி புக் செய்த மைதானத்தைக் கல்யாண வண்டிகள் நிறுத்தக் கொடுத்துவிட்டு, மேட் விரித்து ஆணியும் அடித்து முடித்த எங்களை வெளியே போகச் சொன்ன அன்று போன் போட்டுக் கெஞ்சினேன், 'பார்க்கிறோம் சார்' என்றார்கள். பண்பைப் பற்றி எழுத மட்டும் வண்டி பிடித்து வந்துவிடுகிறார்கள்.

சரி, நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. எங்கள் பவுலர் 5 விக்கெட் எடுத்ததாகப் போட்டிருக்கிறீர்கள். ரன் அவுட் பவுலர் கணக்கில் சேராது, என் நோட்டில் 4 தான். அவன் இனிஷியலும் தப்பு. இரண்டையும் திருத்தி ஒரு வரி போடுங்கள். மன்னிப்பெல்லாம் வேண்டாம், இடம் வீணாகும்.

இப்படிக்கு,
கிளப்பின் ஸ்கோரர், பல வருஷ வாசகர்