அரையாண்டு விடுமுறையில் கடலுக்குப் போகும் முன்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

தேர்வு இந்த வெள்ளிக்கிழமை முடிகிறது. வேளாங்கண்ணிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போகப்போவதாகப் பிள்ளைகள் இப்போதே பேசிக்கொள்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

திங்கள்கிழமை காலை வழிபாட்டில் ஒரு கேள்வி கேட்டேன். "கடல் திடீரென்று வெகுதூரம் உள்வாங்குகிறது. மணலில் மீன்கள் துள்ளுகின்றன. என்ன செய்வீர்கள்?" ஆறாம் வகுப்பு வரிசை ஒரே குரலில் சொன்னது: "மீன் பொறுக்குவோம் சார்!"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. கடல் அப்படி உள்வாங்குவது சுனாமி வரப்போவதன் அடையாளம். பிள்ளைகள் மீது தவறில்லை. கண்மாய் வற்றினால் மீன் பிடிக்க ஊத்தாக் கூடையோடு ஊரே இறங்கும் மேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் வேறு என்ன சொல்வார்கள்?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, உங்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள். காலை 6.28 மணிக்கு இந்தோனேசியாவின் சுமத்ரா தீவு அருகே 9.1 அளவில் நிலம் அதிர்ந்தது. கடலின் தரை மேலெழும்பித் தண்ணீரைத் தள்ளியது. நம் கரையை அலை தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தனை நேரம் இருந்தும் எச்சரிக்க அப்போது எந்த ஏற்பாடும் இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அலைகளுக்கு இடையே பல ஊர்களில் கடல் உள்வாங்கியது; வேடிக்கை பார்க்க இறங்கியவர்களை அடுத்த அலை வாரிக்கொண்டது.

அதே நாளில் சுமத்ராவை ஒட்டிய சிமலூ தீவில் பத்து நிமிடம்கூட அவகாசமில்லை. ஆனாலும் சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர்தான். 1907-இல் அங்கே வந்த பேரலையை 'ஸ்மோங்' என்று பெயரிட்டுப் பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். நிலம் பலமாக ஆடினால், கடல் பின்வாங்கினால், மேட்டுக்கு ஓடு. கதை அவ்வளவுதான். அந்தக் கதைதான் ஊரைக் காத்தது.

2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. இருந்தாலும் கரையில் நிற்கும் பிள்ளைக்குத் தானாகவும் தெரிந்திருக்க வேண்டும். எல்லா முறையும் கடல் உள்வாங்கித்தான் அலை வரும் என்றில்லை. முதல் அலையே பெரியதாக இருக்கும் என்றும் இல்லை. ஓடி ஏறியவர்கள் அதிகாரிகள் சொல்லும்வரை இறங்கக் கூடாது.

பஸ் ஏறும் முன் இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் அவரையே சொல்லச் சொல்லுங்கள். பள்ளி திறக்கும் அன்று வழிபாட்டில் அதே கேள்வியை மறுபடியும் கேட்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்