ஞாயிறு காலை காய்கறிப் பாத்தி வேலை

அனைவருக்கும் வணக்கம். பிளாட்டுக்குப் பின்னால் உள்ள பாத்தியில் ஞாயிறு காலை 8 மணிக்கு வேலை தொடங்குகிறோம். பினாங்கு வெயில் ஏறிவிட்டால் மண்வெட்டி பிடிக்க யாருக்கும் மனம் வராது, அதனால் நேரத்தோடு வந்துவிடுங்கள்.

வெண்டை, பயற்றங்காய் இரண்டையும் விதையாகவே ஊன்றுவோம். பிடுங்கி நட்டால் வேர் அடிபடும். வெண்டை விதையைச் சனிக்கிழமை இரவே தண்ணீரில் ஊறப்போடுங்கள். குழிக்கு 2 விதை, 2 செ.மீ. ஆழம் போதும். ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும், அப்புறம் நோஞ்சானைக் கிள்ளிவிடலாம்.

கத்தரி, மிளகாய்க்கு நாற்றுதான் சரி. விதை போட்டு நாற்றாக்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், பிள்ளைகளுக்கு அவ்வளவு பொறுமை ஏது! கடையில் பூத்து நிற்கும் செடியைப் பார்த்து மயங்காதீர்கள். குட்டையாக, தண்டு தடித்து, 4 முதல் 6 இலை விட்டதை எடுங்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் வெள்ளை ஈயோ மாவுப்பூச்சியோ தெரிந்தால் வேண்டாம். நாற்று நடுவது மட்டும் மாலை வெயில் தாழ்ந்த பிறகு.

தக்காளி கேட்டவர்களே, அதைக் குளிர்ச்சியான கேமரன் மலைக்காரர்களிடம் விட்டுவிடுவோம். இந்தச் சூட்டில் பூ உதிரும், வாடல் நோயும் வரும். பதிலுக்குக் கங்கோங் கீரை போடலாம்: சமையலுக்கு வாங்கிய கட்டின் அடித்தண்டை ஈரமண்ணில் ஊன்றினாலே வேர்விடும்.

செடித் தொட்டிக்கு அடியில் தட்டு வைக்க வேண்டாம், தண்ணீர் தேங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வரும். மண்வெட்டி வைத்திருப்பவர்கள் இங்கேயே சொல்லிவிடுங்கள்.