கூறைநாட்டுக்குப் போன இரண்டு தந்திகள்

அன்புள்ள சண்முகம்,

இங்கே எல்லோரும் நலம். நீயும் தங்கச்சியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தீபாவளியன்று நீ போன் செய்தபோது நான் எடுக்கவில்லை, அப்புறம் திருப்பிக் கூப்பிடவும் இல்லை. உனக்குக் கோபம் இருக்கும். கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு மொத்தமாகத் திட்டிக்கொள். கோபாலன் சாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மறுபடியும் செஸ் ஆட உட்கார்ந்துவிட்டார். நகர்த்திய காயைத் திரும்ப எடுத்து வைக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. உன்னை விசாரித்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓய்வூதியர் சங்கத்தின் பொங்கல் மலருக்கு, "தந்தி ஆபீஸ் பற்றி நான்கு பக்கம் எழுதிக் கொடுங்கள், உங்களை விட்டால் வேறு ஆள் இல்லை" என்று கேட்டார்கள். உன்னைக் கேட்டிருந்தால் நீ அங்கேயே மறுத்திருப்பாய். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். எழுபத்திரண்டு வயதில் என் பெயரில் அச்சாகப் போகும் முதல் எழுத்து. ஒன்றரை மாதமாக வேறு நினைப்பே இல்லை. உன் போனை எடுக்காமல் விட்டதற்கும் அதுதான் காரணம், அது ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு நீள நோட்டு வாங்கி, ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தேன். 1850இல் கல்கத்தாவுக்கும் டைமண்ட் ஹார்பருக்கும் இடையே சோதனைக்காகப் போட்ட லைன், அதைப் போட்ட டாக்டர் ஓஷாக்னசி, 1854இல் பொதுமக்களுக்குத் தந்தியைத் திறந்துவிட்டது, 1885ஆம் வருஷத்துத் தந்திச் சட்டம், கடைசியில் 2013 ஜூலை 15இல் சேவையை நிறுத்தியது. எல்லாம் சரியான தகவல். பதினோரு பக்கம் வந்தது. கமலா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், அவளுக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தக் கூறைநாட்டு அம்மா எப்ப வருவாங்க?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். நான் நோட்டை மூடிவிட்டேன்.

உனக்கு நினைவிருக்கும். நாம் இரண்டு பேரும் வெளியில் யாரிடமும் சொல்லாதது. கமலாவிடம் கல்யாணமான புதிதில் ஒரு தடவை சொன்னேன். நாற்பத்தைந்து வருஷம் கழித்தும் அவளுக்கு அதுதான் தந்தி ஆபீஸ். யோசித்துப் பார்த்தேன், எனக்கும் அதுதான்.

அதனால் மறுபடியும் எழுதினேன். இந்தத் தடவை வேறு கஷ்டம். நம் கை பழகிய பழக்கம் உனக்குத் தெரியும். கவுன்டருக்கு வருகிறவன் பத்து சொல்லில் எழுதிக்கொண்டு வருவான், நாம் அதை ஆறாக்கி அவன் காசை மிச்சப்படுத்திக் கொடுப்போம். முப்பத்தொன்பது வருஷம் அதையே செய்த கைக்கு ஒரு வாக்கியத்தை நீட்டத் தெரியவில்லை. "இரவு. மழை. லைன் இல்லை. சண்முகம் வந்தான்." இப்படியே ஒரு பக்கம். தந்தியில் அது போதும். வாங்குகிற ஆளுக்கு அப்பா யார், எந்த ஊர், என்ன வியாதி என்று முன்பே தெரியும், மிச்சத்தை அவரே நிரப்பிக்கொள்வார். கட்டுரையைப் படிக்கப் போகிறவருக்கு என்னையும் தெரியாது, உன்னையும் தெரியாது. மலரைப் புரட்டப் போகிற பேரப்பிள்ளைகள், தந்தி வரும்போது டக்டக்கென்று தட்டும் சவுண்டர் கருவியைக் கண்ணால் கண்டதில்லை. இரண்டு தட்டுக்கு நடுவே உள்ள இடைவெளியை வைத்துத்தான் அது புள்ளியா கோடா என்று காது பிரிக்கும் என்று அவர்களுக்கு யார் சொல்வார்கள்? சத்தம் கூடுதலாகக் கேட்க நீ அதன் பின்னால் சொருகி வைத்த சிகரெட் டப்பாவைக்கூட நான்தான் சொல்ல வேண்டும். வாழ்த்துத் தந்திக்கு நம்பரை மட்டும் தட்டினால் போதும், முழு வாசகத்தையும் போய்ச் சேரும் ஊரில் எழுதிக் கொடுப்பார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். உன் கல்யாணத்துக்கு நான் அனுப்பிய எட்டாம் நம்பரையும், அது என்ன நம்பராக உன் மாமனார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் எழுதி, பிறகு பக்கம் போதாது என்று அடித்துவிட்டேன். தங்கச்சியிடம் சொல்.

சரி, அந்த ராத்திரியை எப்படி எழுதியிருக்கிறேன் என்று சொல்கிறேன். நான் தப்பாக நினைவு வைத்திருந்தால் திருத்து.

1977 நவம்பர் 12, சனிக்கிழமை. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே புயல் கரை கடந்தது. மாயவரத்தில் நம் ஆபீஸ் வாசலில் இருந்த தூங்குமூஞ்சி மரம் சுற்றுச்சுவர் மேல் விழுந்தது. கம்பிகள் எல்லாம் போய்விட்டன. நான்காம் நாள் ராத்திரி ஒரு மணி சுமாருக்குத்தான் ஒரு லைன் உயிர் பெற்றது. அதுவரை மெட்ராஸில் தேங்கிக் கிடந்த தந்திகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. நான் வாங்கினேன், நீ தெருவாரியாகப் பிரித்தாய். பாதிக்கு மேல் "சுகமா, உடனே தந்தி கொடு" என்பதுதான்.

அதில் ஒன்று கூறைநாட்டுக்கு, பம்பாயிலிருந்து. யுவர் ஹஸ்பண்ட் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி. அதை எழுதிக் கொடுத்துவிட்டு இருபது, இருபத்தைந்து தந்தி தாண்டியிருப்பேன். அதே விலாசம் மறுபடி வந்தது. காது கேட்பதற்கும் கை எழுதுவதற்கும் நடுவே நாலைந்து எழுத்து இடைவெளி இருக்குமே, அந்த இடைவெளியில் எனக்குத் தெரிந்துவிட்டது. கை பாட்டுக்கு எழுதியது. எக்ஸ்பயர்ட். தகனம் முடிந்தது. அனுப்பிய தேதி முதல் தந்திக்கு இரண்டு நாள் பிந்தியது. இரண்டு தாளும் நம் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

தந்திச் சேவகர் வீட்டுக் கூரை போய்விட்டதால் அவர் வரவில்லை. நீ ஒன்றும் பேசாமல் இரண்டையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் சைக்கிளை எடுத்தாய். இரண்டரைக்குப் போனவன் ஆறு மணிக்கு வந்தாய். வீட்டில் அந்த அம்மாவும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் மட்டும்தான், தறிக்குழி நிறையத் தண்ணீர் என்றாய். முதல் தந்தியை மட்டும் கொடுத்துப் படித்துச் சொன்னாய். பக்கத்து வீட்டுப் பையனை அனுப்பி, குத்தாலத்தில் இருந்த அண்ணனை வரவழைத்தாய். அவர் வந்து சேர்ந்த பிறகுதான் இரண்டாவதைப் பையிலிருந்து எடுத்தாய். ரசீது இரண்டிலும் மணியை ஒளிக்காமல் போட்டிருந்தாய். ஒன்றில் 2.50. இன்னொன்றில் 5.20. காலையில் மாஸ்டர் இரண்டையும் சேர்த்துப் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டுப் பேசாமல் இனிஷியல் போட்டார்.

இதை எழுதி முடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சட்டம் உனக்கும் தெரியும், பயிற்சியில் அதை ஒப்பிக்காமல் நம்மை விட்டார்களா? தந்தியை வேண்டுமென்றே நிறுத்தி வைத்தால் குற்றம், அதில் உள்ளதை வெளியே சொன்னால் குற்றம், மூன்று வருஷம் வரை ஜெயில். நீ முதலாவதைச் செய்தாய். நான் இப்போது நான்கு பக்கத்தில் இரண்டாவதைச் செய்யப் பார்க்கிறேன். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் புதுச் சட்டம் வந்துவிட்டது, தந்தியே போய்விட்டது, இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று மருமகன் சொல்கிறான். ஜெயிலுக்குப் பயந்தா யோசிக்கிறேன்? அந்தத் தாளில் இருந்தது அந்த அம்மாவுடையது. அவருக்காகத்தான் அது கம்பி வழியாக வந்தது. நடுவில் என் காது இருந்தது என்பதற்காக அது என் கதை ஆகிவிடுமா? அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் இப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். நம் மலர் அவர்கள் கைக்குப் போகாது என்று எப்படிச் சொல்ல முடியும்?

அவர் பெயரை எழுதவில்லை. கூறைநாடு என்பதையும் எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். எடுத்தால் தறிக்குழித் தண்ணீரும் போய்விடுகிறது, அது போனால் அந்த வீடே கண்ணில் நிற்கவில்லை. வேறு நெசவு ஊரின் பெயரைப் போட்டுப் பார்த்தேன், அதற்கு மேல் ஒரு வரிகூட ஓடவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது. நீ செய்தது தப்பு என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். இரண்டரை மணி நேரம் அந்த அம்மா புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று நம்பிக்கொண்டு, பம்பாய்க்குப் போகத் துணி எடுத்து வைத்திருப்பார் இல்லையா? இல்லாத ஆளுக்காக. அது கொடுமை என்று தோன்றும். என் அம்மா போனபோது நான் தனியாக அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு கேட்டேன், பக்கத்தில் ஒருவரும் இல்லை. அன்றிலிருந்து அப்படித் தோன்றவில்லை. கட்டுரையில் இரண்டு யோசனையையும் எழுதியிருக்கிறேன். எது சரி என்று எழுதவில்லை. தீபாவளியன்று நீ கூப்பிட்டபோது அந்தப் பக்கம்தான் மேஜையில் விரித்துக் கிடந்தது. உன் குரலைக் கேட்டுக்கொண்டு பட்டாசு, பலகாரம் என்று என்னால் பேசியிருக்க முடியாது. அதனால்தான் எடுக்கவில்லை.

ஆகவே உன்னைக் கேட்கிறேன். இதை அச்சுக்குக் கொடுக்கலாமா? உன் பெயரை "என் நண்பர்" என்று மாற்றியிருக்கிறேன், ஆனால் நம் செட்டில் யாருக்கும் அது நீ என்று தெரியாமல் போகாது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுது, நான் டைமண்ட் ஹார்பரையே கொடுத்துவிடுகிறேன். மனவருத்தம் ஒன்றும் இருக்காது. டிசம்பர் 20க்குள் தெரிய வேண்டும், அதற்கு மேல் அச்சகத்தில் காத்திருக்க மாட்டார்கள்.

கொடுக்கலாம் என்று நீ சொன்னால் இன்னும் ஒரு உதவி தேவை. கட்டுரையில் 2.50க்கும் 5.20க்கும் நடுவே நான் ஒரு வரி இடம் விட்டு வைத்திருக்கிறேன். அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நீ வாசலில் உட்கார்ந்திருந்தாயா, உள்ளே போனாயா, அந்த அம்மா உன்னிடம் ஏதாவது கேட்டாரா, பிள்ளைகள் விழித்தார்களா, நீ என்ன பதில் சொன்னாய்? தினமும் உன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே டப்பாவில் சாப்பிட்டவன் நான், ஒரு தடவைகூட உன்னைக் கேட்டதில்லை. எழுத உட்கார்ந்து அந்த இடத்துக்கு வந்து பேனா நின்ற பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

போனில் வேண்டாம். எழுதி அனுப்பு. எத்தனை பக்கம் ஆனாலும் சரி.

அன்புடன்,
ராமு