15 வயதுக்கும் 50 வயதுக்கும் நடுவே சிக்கிக்கொண்ட கார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வாகனங்களைக் கழிப்பது பற்றியும் அவற்றின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் உயர்ந்திருப்பது பற்றியும் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வரும் செய்திகளை விடாமல் வாசித்து வருகிறேன். புகை கக்கும் லாரிகளையும் பராமரிப்பில்லாத பேருந்துகளையும் பற்றி அவற்றில் நிறையப் பேசப்படுகிறது. வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்தி வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கையில் கிரீஸோடு உட்கார்ந்து, ஒரு பழைய காரைத் தம் சொந்த உழைப்பில் காப்பாற்றி வருபவர்களின் நிலை இதுவரை யார் பேச்சிலும் வரவில்லை. அவர்களுள் ஒருவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1986-ஆம் ஆண்டு பதிவான பிரீமியர் பத்மினி. அப்பா முன்பணம் கட்டி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. 1089 சிசி என்ஜின், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர், நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக். இத்தாலியின் ஃபியட் 1100 காரை அடிப்படையாகக் கொண்டு மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் தயாரித்த இந்த வண்டி, அம்பாசடரோடு சேர்ந்து ஒரு தலைமுறைக்குக் கார் என்றால் என்ன என்று காட்டியது. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சிகளில் கடைசிப் பத்மினி 2003 அக்டோபரில் பதிவாகி, டாக்சிகளுக்கான 20 ஆண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் சாலையை விட்டுப் போனது. இனி இந்தக் கார் எங்காவது மிஞ்சுமென்றால், அது என்னைப் போன்ற வீட்டுக்காரர்களிடம்தான் மிஞ்ச வேண்டும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, சொந்தப் பயன்பாட்டில் உள்ள இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் அந்த வகைக்குள் வரும். அவற்றுக்கு ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் உண்டு. பழைய எண்ணையே வைத்துக்கொள்ளவும் வழியுண்டு. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், அது 10 ஆண்டுகளுக்குச் செல்லும், அதன்பின் மறுபதிவுக்கு 5,000 ரூபாய். அன்றாடப் போக்குவரத்துக்கும் வணிகத்துக்கும் ஓட்டக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஓட்டலாம். இதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் 50 வயதை எட்டுவதற்கு முன் ஒரு கார் 16 வயதையும் 30 வயதையும் 45 வயதையும் கடந்து வந்தாக வேண்டுமல்லவா? அந்த முப்பத்தைந்து ஆண்டுகளுக்குச் சட்டத்தில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. 15 ஆண்டுகள் முடிந்தபின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலுக்கு முன் இதற்கு 600 ரூபாய்; அதன்பின் 5,000; 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி 20 ஆண்டுகள் தாண்டிய கார்களுக்கு 10,000. அதாவது அறுபது வயதுக் காருக்குப் பத்தாண்டுக்கு 5,000 ரூபாய் மறுபதிவுக் கட்டணம் வாங்கும் அரசு, நாற்பது வயதுக் காருக்கு ஐந்தாண்டுக்கு 10,000 ரூபாய் வாங்குகிறது. பசுமை வரியும் காப்பீடும் இதற்கு மேல். மாதம் இரண்டு முறை மட்டுமே வெளியே வரும் ஒரு வண்டிக்கு இந்தச் செலவு எதற்கு என்று வீட்டில் ஒருவர் கேட்டாலே போதும், அடுத்த வாரம் அது காயலான் கடை வாசலில் நிற்கும். பத்து ஆண்டுகளில் எங்கள் தெருவிலேயே மூன்று பத்மினிகளும் ஓர் அம்பாசடரும் இப்படிப் போனதைப் பார்த்தேன். கடைசியாகப் போன பத்மினியின் என்ஜின் அன்று காலையில்கூட ஒரே சாவித் திருகலில் உயிர் பெற்றது.

காரைக் காப்பது என்றால் என்ன என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாததால்தான் இந்த நிலை என்று நினைக்கிறேன். பத்மினிக்குத் தனியாக ‘சேஸி’ என்ற அடிச்சட்டம் கிடையாது, உடலே எலும்பு. கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை நீளும் பெட்டிபோன்ற தகட்டுப் பகுதிதான் எடையில் பெரும்பகுதியைத் தாங்குகிறது. அது துருப்பிடித்தால் கதவு தொங்கும். அதையும் கவனிக்காமல் விட்டால் வண்டி நடுவில் மடங்கும். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் கணிசமான பணம் கொடுத்து டிங்கரிங்கும் பெயின்டும் செய்தேன். வண்டி கண்ணாடிபோல மின்னியது. இரண்டு மழைக்காலம் கழிந்ததும் கதவின் கீழ் விளிம்பில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழுந்தது. ஸ்குரூ டிரைவர் நுனியால் சுரண்டினேன். பெயின்டுக்கு அடியில் விரல் கனத்துக்குப் பள்ளம் நிரப்பும் பட்டி, பட்டிக்கு அடியில் சுருட்டித் திணித்த செய்தித்தாள், அதற்கு அடியில் ஒன்றுமே இல்லை. ஸ்குரூ டிரைவர் கைப்பிடிவரை உள்ளே போய்விட்டது. நான் குடும்பத்தோடு பாலக்காட்டுக்குப் போய் வந்த வண்டி அது. அன்று தரையில் உட்கார்ந்தபடி எனக்கு உடம்பு நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது.

அதன்பிறகு வேறு யாரிடமும் விடவில்லை. பதினொரு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வேலையை வீட்டிலேயே செய்தேன். துருத் தகட்டை வெட்டுவதற்கு முன் வண்டியை நான்கு முனையிலும் மட்டமாகத் தாங்கி நிறுத்தி, கதவு இடைவெளிகளில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைக்க வேண்டும். இல்லையென்றால் வெட்டிய கணமே உடல் கோணிக்கொள்ளும், பிறகு எந்தக் கதவும் பொருந்தாது. தேவையான தகட்டில் பாதி கோவை உக்கடத்தில் கிடைத்தது. மீதியை ஆவாரம்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர் அட்டையில் நான் வெட்டிக் கொடுத்த மாதிரியைப் பார்த்து 18 கேஜ் தகட்டில் மடித்துக் கொடுத்தார். ஒரே மூச்சில் பற்றவைத்தால் சூட்டில் தகடு நெளியும் என்பதால் இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி என்று ஆறவிட்டு ஆறவிட்டுப் பற்றவைத்தோம். என் மகள் கம்பி பிரஷால் உள்பக்கத்தைச் சுரண்டித் துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு அடித்தாள். குழாய்களை அறுத்தெடுத்தபின் ஓட்டுநர் பக்கக் கதவைச் சாத்திப் பார்த்தோம். அப்பா காலத்தில் கேட்ட அதே சத்தம் கேட்டது.

இங்கேதான் விதியின் சொற்களைப் பற்றி ஒரு முக்கியமான கேள்வி எழுகிறது. வாகனம் அதன் மூல வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸி, உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் மாற்றம் செய்யும் பெரிய அளவிலான சீரமைப்பு நடந்திருக்கக் கூடாது என்று 2021 விதி சொல்கிறது. டீசல் என்ஜினை மாற்றிப் போட்டவர்களையும் கூரையை வெட்டியவர்களையும் தடுப்பதே அதன் நோக்கம் என்று புரிகிறது. ஆனால் நான் செய்த வேலை எதில் சேரும்? அதே இடத்தில், அதே வடிவத்தில், அதே கனத்தில் புதுத் தகடு வைத்ததை ஓர் ஆய்வாளர் ‘உடற்கூட்டில் மாற்றம்’ என்று எழுதிவிட்டால், காரைக் காப்பாற்றியவனுக்குத் தகுதி போய்விடும். துருவோடு விட்டவனுக்குக் கிடைத்துவிடும். பிரிட்டனில் 40 ஆண்டு கடந்த கார்களுக்கு ஆண்டுத் தகுதிச் சோதனையிலிருந்து விலக்கு தரும்போது இதே சிக்கலை எண்ணிப் பார்த்து, மூல வடிவத்தை ஒத்த மாற்றுப் பாகங்கள் பெரிய மாற்றமாகக் கருதப்படாது என்றும், அசல் பாகம் கிடைக்காத நிலையில் வாகனத்தைக் காப்பதற்காகச் செய்யும் மாற்றத்துக்கு இடமுண்டு என்றும் வழிகாட்டுதலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் விதியிலும் அப்படி இரண்டு வரி இருந்தால் போதும்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு சொல். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் பெரும்பாலும் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் என்ற சவ்வையும் ஊறவைத்துக் கெடுக்கும். டாங்கின் அடியில் பல ஆண்டுகளாகப் படிந்த கசடைக் கரைத்து, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் நுண்துளையில் கொண்டுவந்து அடைக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றி, இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்தும்போது கார்புரேட்டரைக் காலி செய்து சமாளிக்கிறேன். நகரத்துக்கு ஓரிரு பங்க்குகளிலாவது எத்தனால் கலக்காத பெட்ரோலைக் கூடுதல் விலைக்கு விற்றாலும் வாங்கிக்கொள்ள நாங்கள் தயார்.

இந்த வண்டிகள் காற்றைக் கெடுக்கின்றன, பாதுகாப்பற்றவை என்று சொல்வோருக்கு மறுப்பாக நான் எதையும் மறைக்க விரும்பவில்லை. இக்காலக் காரில் உள்ள ஏர்பேக் என் காரில் இல்லை. மழையில் டிரம் பிரேக் நனைந்தால் நிற்கும் தூரம் கூடும். அதனால் மழை நாளில் நான் அதை எடுப்பதில்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றாவிட்டால் அது ஈரம் குடித்து வீல் சிலிண்டரைத் துருப்பிடிக்க வைக்கும். ஆகவே சோதனை கூடாது என்று நான் சொல்லவில்லை. உண்மையான சோதனை வேண்டும் என்கிறேன். கடந்த முறை புதுப்பிக்கப் போனபோது வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, “எதுக்குங்க இந்தச் சிரமம், எடைக்குப் போட்டுருங்க” என்றார் அங்கே சோதிக்க வந்தவர். பானெட்டைத் திறக்கவில்லை, பிரேக்கை மிதித்துப் பார்க்கவில்லை, நான் புதிதாகப் பற்றவைத்த அடித்தகட்டைக் குனிந்து பார்க்கவில்லை. புகைச் சோதனையில் என் வண்டியைப் போன்ற அந்தக் காலத்துப் பெட்ரோல் கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு அளவு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தீப்பொறியைத் தரும் பாயின்ட்டும் அதன் டைமிங்கும் சரியாக இருந்து, கார்புரேட்டரின் கலவைத் திருகைப் பொறுமையாக வைத்தால் என் வண்டி அதைத் தாண்டுவதில்லை.

பழங்கால வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீவா, 30 ஆண்டுகள் கடந்து, உரிய வடிவில் பேணப்பட்டு, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாத வண்டியை வரலாற்று வாகனம் என்று வரையறுக்கிறது. ஜெர்மனியிலும் 30 ஆண்டுகள் கடந்து, நிபுணர் ஆய்வில் தேறிய காருக்கு எண்ணின் இறுதியில் ‘எச்’ என்ற எழுத்து கிடைக்கிறது. கோவையில் அவினாசி சாலையிலுள்ள ஜீடி கார் அருங்காட்சியகத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம். அங்கே நிற்கும் வண்டி ஒவ்வொன்றையும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் எடைக்குப் போடாமல் வைத்திருந்திருக்கிறார்.

எனவே 30 முதல் 50 வயதுவரை உள்ள, மூல வடிவில் இருக்கும் சொந்தக் கார்களுக்கு ஒரு தனி வகையை மத்திய அரசு உருவாக்க வேண்டும் என்றும், தமிழ்நாடு அரசு அதற்காகக் குரல் கொடுக்க வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுக்கு இவ்வளவு கிலோமீட்டர்தான் என்று வரம்பு வைக்கட்டும். மீட்டரைப் பார்த்து எழுதிக்கொள்ளட்டும். பிரேக், ஸ்டீயரிங், அடித்தகடு மூன்றையும் தெரிந்தவர் ஒருவர் குழியில் இறங்கிப் பார்த்துச் சான்று தரட்டும். புதுப்பிப்புக் கட்டணத்தைப் பழம்பெரும் வாகனங்களின் மறுபதிவுக் கட்டண அளவுக்குக் கொண்டுவரட்டும். அப்படியொரு விதி வருமானால், சோதனைக்கு முதல் ஆளாக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்த நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
பீளமேடு, கோயம்புத்தூர்.