வெஸ்டா வெறும் பாறை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுகோள் என்றாலே 'விண்வெளிப் பாறை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். வெஸ்டாவை அப்படிச் சொன்னால் எனக்கு மனம் ஒப்பவில்லை. குறுக்களவு சுமார் 525 கி.மீ.; ஒரு காலத்தில் உருகிக் கொதித்து, மேலே பசால்ட் எரிமலைப் பாறை இறுகிய உலகம் அது. 2011-இல் அதை அடைந்த டான் விண்கலம் எடுத்த தென்துருவப் படத்தைப் பாருங்கள்: ஏறக்குறைய 500 கி.மீ. அகலப் பள்ளம், நடுவில் சுமார் 20 கி.மீ. உயரச் சிகரம்! வெஸ்டாவிலிருந்து சிதறிய துண்டுகள் பூமியிலேயே விண்கற்களாகக் கிடைத்திருக்கின்றன.

வெஸ்டா இருக்கும் வான்பகுதியை பைனாகுலரில் நாலு இரவு பார்த்து, தெரிந்ததையெல்லாம் நோட்டில் புள்ளி வைத்தேன். விண்மீன்கள் இருந்த இடத்திலேயே இருக்க, வெஸ்டா என்ற அந்த ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருந்தது. வெஸ்டா பிரகாசமாகத் தெரியும் மாதங்களில் அது இருக்கும் இடத்தைக் காட்டும் ஒரு சிறு வான் வரைபடம் வெளியிடுங்கள், பிள்ளைகளும் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்