திங்கட்கிழமை வேலைக்குச் சேரும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது என்று நீ சொன்னதும் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். எனக்குத்தான் போனில் பேச்சு வரவில்லை. ஒன்றரை வருடமாக வேலையில்லாமல் நீ பட்டது தெரியும் கண்ணு.

சிங்காநல்லூர் பக்கம் நான் இருந்த மில்லை மூடியபோது நீ சின்னப் பையன். ரொம்ப நாள் கழித்து வேறொரு மில்லில் கூப்பிட்டார்கள். ஸ்பின்னிங்கில் அத்தனை வருடம் சைடராக, அதாவது நூற்பு மிஷினைப் பார்த்துக்கொள்பவனாக, இருந்த என்னைப் பதிலியாகத்தான் எடுத்தார்கள். ஷிப்டுக்கு முன்னால் கேட்டில் போய் நிற்க வேண்டும். யாராவது வராவிட்டால்தான் உள்ளே விடுவார்கள். அப்படி உள்ளே போன முதல் நாள், அறுந்த இழையை எடுத்து ஒட்டக் கை வரவில்லை. எல்லாம் தெரியும், விரல்தான் கேட்கவில்லை. ஒரு மாதம் போல ஆனது. அப்புறம் தானாக வந்துவிட்டது. உனக்கும் அந்த கம்ப்யூட்டர் மிஷின், சிஎன்சி, முன்னால் நிற்கும்போது அப்படித்தான் இருக்கும். டூலின் அளவைப் போடும் ஆஃப்செட்டில் ஒரு எண் தவறினால், வெட்டுகிற டூல் போய் ஜாபில், அதாவது மிஷினில் மாட்டிய இரும்பில், இடித்துவிடும் என்று நீதான் எனக்குச் சொல்லியிருக்கிறாய். அதனால் இரண்டு தடவை பார்த்துவிட்டே ஸ்டார்ட் போடு. நேரமாகிறது என்று யாராவது முனகினால் முனகட்டும். உன்னைவிடச் சின்னப் பையன் சொல்லிக்கொடுத்தாலும் கேட்டுக்கொள்.

எனக்கு இருக்கும் பயம் வேறு. வேலை கொடுத்தார்களே என்ற நன்றியில் எதைச் சொன்னாலும் சரி என்பாய். மருமகளின் வளையல் அடகில் இருக்கிறது, அதை மீட்கும் அவசரத்தில் கிடைக்கிற ஓவர்டைம் எல்லாம் பார்ப்பாய். வேண்டாம்ப்பா. பகல் ஷிப்டோடு அரை நைட்டும் சேர்த்துப் பார்த்தவர்கள் கடைசி இரண்டு மணி நேரத்தில் கையை நசுக்கிக்கொண்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்போதைக்கு வட்டியை மட்டும் கட்டி நகையை மறுபடி அடகிலேயே வை. அவளும் அதைத்தான் சொல்கிறாள், அம்மா கேட்டாள். வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேல் பார்க்கத்தான் வேண்டும் என்றால், அந்த மணிகளுக்கு இரட்டைச் சம்பளம் சட்டப்படி உன்னுடையது. கூச்சப்படாமல் கேள்.

இன்னொன்று, பிஎஃப். சேரும்போது பழைய யுஏஎன் நம்பரையே, அதான் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மாறாத உன் பிஎஃப் நம்பரை, கொடு, புதிதாக ஒன்று போட விடாதே. பழைய கணக்கிலிருந்து பணத்தை எடுத்துக் கடனை அடைக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதே. மொத்தம் 10 வருட சர்வீஸ் இருந்தால்தான் 58 வயதில் பென்ஷன். உனக்கு 7 வருடம் ஏற்கெனவே இருக்கிறது. நடுவில் வேலையில்லாத காலம் கணக்கில் சேராது என்பதைத் தவிர, அந்த 7 வருடம் எங்கும் போய்விடாது. பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால்தான் போகும். பழைய கணக்கில் இருப்பதைப் புதுக் கம்பெனிக் கணக்குக்கு மாற்றிக்கொள்.

முதல் சம்பளத்தில் எங்களுக்கு எதுவும் வாங்காதே. குழந்தைக்கு ஸ்கூல் பீஸ் பாக்கி இருந்தால் அதைக் கட்டு. பொங்கலுக்கு லீவு கேட்டு நிற்க வேண்டாம், நானும் அம்மாவும் ஓசூருக்கே வருகிறோம்.

அன்புடன்,
அப்பா